போர்ட் விளக்கு பொய் சொல்லக் கூடாது

துணுக்காய், மல்லாவிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் இணையம் நின்றுவிட்டால், கிளிநொச்சியில் இருக்கும் தொழில்நுட்பவியலாளர் மோட்டார் சைக்கிளை எடுப்பதற்கு முன் தொலைபேசியில் கேட்பது, "எந்த லைற் எரியுது சேர்?" என்பதைத்தான். மறுமுனையில் நிற்கும் ஆசிரியர், ரவுட்டரில் போர்ட்டுக்கு (கேபிள் செருகும் துளைக்கு) ஒன்றாக உள்ள எல்இடிகள் காட்டுவதை நம்பியே பதில் சொல்கிறார். அந்த விளக்கு பொய் சொன்னால் நல்ல கேபிள் கழற்றப்படும். பழுதான போர்ட் தப்பிவிடும். ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற லினக்ஸ் ஃபர்ம்வேரை (சாதனத்தை இயக்கும் மென்பொருளை) ஏற்றிக் கொடுக்கும் நம்மில் பலர், இணையம் வந்தவுடனேயே வேலை முடிந்ததென்று எழுந்துவிடுவது எனக்குக் கவலை தருகிறது.

சில ரவுட்டர்களில் விளக்கு, போர்ட்டுகளை இணைக்கும் சுவிட்ச் சிப்பிலிருந்தே நேராக எரியும். அதைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். மற்றவற்றில் அது புரொசெசரின் ஜிபிஐஓ காலில் (மென்பொருளால் இயக்கக்கூடிய பொதுப் பின்னில்) இணைக்கப்பட்டிருப்பதால், எதைக் கண்டு எரிய வேண்டும் என்பதை டிரிகர் என்னும் தூண்டல் விதி மூலம் லினக்ஸின் மையமான கேர்னலுக்கு நாமே சொல்ல வேண்டும்.

2021இல் வெளியான ஓப்பன்டபிள்யூஆர்டி 21.02 பதிப்பிலிருந்து பல சாதனங்கள், சுவிட்ச்சைக் கையாளும் பழைய சுவிட்ச்கான்ஃபிக் முறையை விட்டு டிஎஸ்ஏ முறைக்கு மாறின. முன்பு சுவிட்ச் முழுவதும் ஒரே பொருளாக இருந்தது. எந்தப் போர்ட் என்பதை, 0ஆம் போர்ட்டுக்கு 1, அடுத்ததற்கு 2, அதற்கடுத்ததற்கு 4 என்று இரட்டிக்கும் மாஸ்க் எண்ணால் குறித்தோம். டிஎஸ்ஏயில் ஒவ்வொரு போர்ட்டும் லேன்1, லேன்2, வான் எனத் தனித்தனி இடைமுகம் ஆகிவிடுவதால், விளக்குக்கு, ஓர் இடைமுகத்தின் நிலையைக் காட்டும் நெட்டெவ் டிரிகரைக் கொடுத்து அந்தப் பெயரை எழுதினால் போதும். பழைய அமைப்புக் கோப்பை வற்புறுத்திப் புதிய பதிப்புக்குக் கொண்டுவந்தால், அது கேட்கும் டிரிகர் கேர்னலில் இல்லாமல் விளக்கு இருண்டே கிடக்கும்.

எப்போதும் எரியும் விளக்கு அதைவிடக் கெடுதலானது. லேன்1 என்று எழுத வேண்டிய இடத்தில் ஈத்0 என்று எழுதினால், அது புரொசெசரையும் சுவிட்ச்சையும் உள்ளே இணைக்கும் பாதை என்பதால், கேபிள் ஒன்றும் செருகாதபோதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். லேன் போர்ட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் பிஆர்-லேன் என்று எழுதினாலோ ஏதாவது ஒரு போர்ட் உயிரோடு இருந்தாலே எரியும். கட்டடத்துக்குக் கட்டடம் நீளமாக இழுத்த கேபிள் வழியே மின்னல் பாய்ந்து ஒரு போர்ட் மட்டும் கருகியிருக்கும் இடத்தில், இந்தப் பிழை எவரையும் வழிதவற வைக்கும். விளக்கு உண்மை சொல்லியிருந்தால், "பக்கத்துப் போர்ட்டில் செருகிப் பாருங்கள் சேர்" என்ற ஒரு வார்த்தையோடு, சில வேளைகளில் அன்றைய வகுப்பே தப்பியிருக்கும்.

நெட்டெவ் டிரிகரில் லிங்க் (இணைப்பு), டிஎக்ஸ் (அனுப்பல்), ஆர்எக்ஸ் (பெறல்) மூன்றையும் சேர்த்தே இட வேண்டும். லிங்க்கை விட்டுவிட்டால், இணைப்பு நன்றாக இருந்தும் தரவு ஓடாத வேளையில் போர்ட் செத்ததுபோல் தோன்றும். விளக்கு தலைகீழாக (எரிய வேண்டியபோது அணைந்தும், அணைய வேண்டியபோது எரிந்தும்) இருந்தால், வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் ஆக்டிவ் லோ (தாழ் மின்னழுத்தத்தில் எரிவது) குறிப்பைப் பாருங்கள். சிப்பின் போர்ட் வரிசையும் பெட்டியில் அச்சிட்ட வரிசையும் ஒன்றாக இருக்குமென்று எண்ணாமல், ஒரே கேபிளை ஒவ்வொரு போர்ட்டிலும் செருகிக் கண்ணால் பாருங்கள். சிஸ்எஃப்எஸ் என்னும் கேர்னலின் தற்காலிகக் கோப்பில் நேரடியாக எழுதியது மின்சாரம் போனதும் அழிந்துவிடும்; ஆகவே ஓப்பன்டபிள்யூஆர்டியின் அமைப்பு முறையான யூசிஐ வழியாகப் பதிந்து, பிளக்கைக் கழற்றி மீண்டும் செருகிய பிறகும் விளக்குகள் சரியாக எரிகின்றனவா என்று பார்த்த பின்னரே சாதனத்தைக் கையளியுங்கள்.