சாலிடாரிட்டி: ஒருமைப்பாடா, தோழமையா?

சேப்பாக்கத்திலோ வள்ளுவர் கோட்டத்திலோ பிற நாட்டு மக்களுக்காகக் கூட்டம் நடந்தால், பதாகையில் பெரும்பாலும் ‘ஒருமைப்பாடு’ என்றிருக்கும். மைக் பிடிப்பவர்கள் ‘சாலிடாரிட்டி’ (solidarity) என்ற ஆங்கிலச் சொல்லையே சொல்வார்கள். ஆனால் எல்லை தாண்டி வரும் மக்களைப் பற்றிப் பேசும்போது இந்த ஒருமைப்பாடு இடறுகிறது.

சாலிடாரிட்டி பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வேர், லத்தீன் ‘சோலிடுஸ்’: திண்மையானது, முழுமையானது. ரோமானியச் சட்டத்தில் ‘இன் சோலிடும்’ என்றொரு பொறுப்பு முறை உண்டு. பலர் சேர்ந்து பட்ட கடனில் தன் பங்கை மட்டும் கட்டிவிட்டு யாரும் ஒதுங்க முடியாது. ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. நம் கடன் பத்திரங்களில் வரும் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்ற வாசகத்தின் பொருள் இதுதான். வியாசர்பாடியில் குழுக் கடன் வாங்கிய பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒருத்தியால் தவணை கட்ட முடியாத வாரம், மற்றவர்கள் ஆளுக்கு ஐம்பது, நூறு போட்டுக் கட்டிவிடுவார்கள். 1804இன் பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பிலும் இது கடன் பற்றிய சொல்தான். பியர் லெரூ போன்ற சிந்தனையாளர்களும் தொழிலாளர் இயக்கங்களும் 19ஆம் நூற்றாண்டில் அதை எடுத்து, இன்னொருவர் துயரத்துக்கு நானும் முழுப் பொறுப்பு என்ற பொருளுக்கு வளர்த்தார்கள்.

அதே பிரான்சில் இந்தச் சொல் ஒரு குற்றத்தின் பெயருமானது. ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் நாட்டுக்குள் நுழையவோ நடமாடவோ தங்கவோ உதவினால் 5 ஆண்டு வரை சிறை, 30,000 யூரோ வரை அபராதம் என்று சட்டம் சொன்னது. மனித உரிமைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘சாலிடாரிட்டிக் குற்றம்’. இத்தாலி எல்லையை ஒட்டிய ரோயா பள்ளத்தாக்கில் ஒலிவம் வளர்க்கும் விவசாயி செத்ரிக் ஹெரூ, மலைப் பாதையில் நடந்து வந்தவர்களைத் தன் நிலத்தில் தங்கவைத்துச் சோறு போட்டார். அவர்மீது வழக்கு, தண்டனை. 2018 ஜூலையில் அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம், ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ என்ற பிரெஞ்சு முழக்கத்தில் வரும் சகோதரத்துவம் வெறும் முழக்கம் இல்லை, அரசியலமைப்புக் கொள்கை என்று தீர்ப்பளித்தது. நாட்டுக்குள் இருப்பவருக்கு மனிதாபிமானத்தோடு உதவலாம். எல்லையைத் தாண்ட உதவுவது மட்டும் குற்றமாகவே நீடித்தது. ஹெரூ கடைசியில் விடுதலையானார்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘ஒருமைப்பாடு’ நல்ல சொல்தான். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் ‘தேசிய ஒருமைப்பாடு’ என்று பள்ளிக்கூடச் சுவர்களில் படித்துப் படித்து, எல்லைக்குள் ஒன்றாக இருப்பது என்ற பொருள் அதில் ஊறிவிட்டது. ‘ஆதரவு’ தூரத்தில் நின்றே தரக்கூடியது. ‘உதவி’க்கு வேறு சிக்கல். அகதிக்கு உதவுகிறோம் என்கிறோம். ‘கு’ நான்காம் வேற்றுமை, இலக்கணக்காரர்கள் அதற்குச் சொல்லும் முதல் பொருளே கொடை. கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. அகதியோடு நிற்கிறோம் என்றால் மூன்றாம் வேற்றுமை, உடனிகழ்ச்சி. இருவரும் ஒரே தரையில் நிற்கிறார்கள். எனக்கு இதுதான் சாலிடாரிட்டியின் உயிர்.

சென்னைக்கு இந்த அனுபவம் உண்டு. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்தவர்கள் முகாம்களில் மட்டும் இருக்கவில்லை; வளசரவாக்கம், போரூர்ப் பக்கம் வீடு பிடித்தார்கள். அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. அப்படியிருக்க, வீட்டுக்காரரிடம் ‘நம்ம ஆளுங்கதான், நான் பொறுப்பு’ என்று சொல்லும் பக்கத்து வீட்டு அக்காவின் வாய்ச்சொல்லுக்குப் பெரிய மதிப்பு. ‘நான் பொறுப்பு’ என்கிறாரே, அது ரோமானியர் சொன்ன அதே பொருள். அகதிகளே அகதிகளுக்காக 1984இல் இங்கே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் இந்த வழியில் வந்ததுதான்.

ஆகவே என் பரிந்துரை: பெயர்ச்சொல்லாகத் ‘தோழமை’, வினையாக ‘உடன்நிற்றல்’. தோழமை கட்சி மேடைச் சொல் ஆயிற்றே என்று சிலர் தயங்குவார்கள். அப்படித் தயங்கத் தேவையில்லை. ‘தோழி’ சங்கப் பாட்டு முழுக்க இருக்கிறாள், தலைவியின் பாடு அவளுக்கும் பாடு. துண்டறிக்கையில் ‘புலம்பெயர்ந்தோருக்கு ஆதரவு’ என்று எழுதுவதைவிடப் ‘புலம்பெயர்ந்தோரோடு தோழமை’ என்று எழுதலாம். பிரெஞ்சுச் சட்டம் பற்றி எழுதுகிறவர்கள் ‘தோழமைக் குற்றம்’ எனலாம். கடன் பத்திரத்தில் வரும் பழைய பொருளுக்கு மட்டும் ‘கூட்டுப் பொறுப்பு’ என்பதே சரி.