நெடுஞ்சாலை விபத்துக்குப் பின் காவல் நிலையத்தில் கேட்டுப் பெற வேண்டிய அறிக்கைகள்

தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையிலோ, கும்பகோணம் வழியாக வரும் விக்கிரவாண்டி சாலையிலோ விபத்து நேர்ந்தால், அடிபட்டவரைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதில்தான் குடும்பத்தாரின் கவனம் முழுவதும் இருக்கும். முதலில் செய்ய வேண்டியதும் அதுவே. ஆனால் பின்னர் இழப்பீடு கோரும்போது காவல்துறையின் அறிக்கைகளே அடிப்படை ஆவணங்கள் என்பதால், உறவினரில் ஒருவராவது அவற்றைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

விபத்து நடந்த இடம் எந்த நிலையத்தின் எல்லைக்குள் வருகிறதோ, அந்த நிலையமே வழக்கை விசாரிக்கும். எனினும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி, எல்லையைக் காரணம் காட்டி எந்த நிலையமும் புகாரை மறுக்க முடியாது. புகாருக்கு அத்தாட்சியாகத் தரப்படும் மனு ஏற்பு ரசீதை முதல் தகவல் அறிக்கை என்று நினைத்துப் பலர் திரும்பிவிடுகிறார்கள். அது போதாது. குற்ற எண்ணுடன் கூடிய முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறப் புகார்தாரருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் உரிமை உண்டு. மாநிலக் காவல்துறையின் இணையதளத்திலும் அதைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். நிலையத்தில் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுத வேண்டும்.

இதோடு காவல்துறையின் கடமை முடிந்துவிடுவதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகனத் திருத்த விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாட்களில் இடைக்கால அறிக்கையையும், 90 நாட்களில் விரிவான விபத்து அறிக்கையையும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தீர்ப்பாயம் அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகக் கருத வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(4) பிரிவு சொல்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு இத்தனை பெரிய பாதுகாப்பு இருந்தும், இதை அவரிடம் எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதுதான் வேதனை. அறிக்கை வந்துவிடும் என்று காத்திருந்து காலத்தை இழக்கக் கூடாது. தனியாக மனுச் செய்வதற்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். விபத்து நடந்த ஊரில்தான் மனுச் செய்ய வேண்டும் என்பதில்லை. குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலும் செய்யலாம்.

அறுவடைக் காலத்தில் சாலையோரம் நெல் காய்வதாலும், பின்விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர்கள் இரவில் செல்வதாலும் டெல்டாவில் நேரும் விபத்துகளில், ‘வழக்கு வேண்டாம், பேசி முடித்துக்கொள்வோம்’ என்று எதிர்த் தரப்பினர் கைச்செலவுக்குப் பணம் தர முன்வருவது வழக்கம். அதற்கு உடன்பட்டு வழக்கே பதியாமல் விட்டால், காயம் பின்னால் முற்றும்போது காட்ட ஆவணம் இருக்காது. டிரெய்லருக்குத் தனிப் பதிவெண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். காப்பீடு உண்டா என்று தேட அது உதவும்.

மோதிய வாகனம் நிற்காமல் போய், அடையாளம் தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு. உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். முதல் தகவல் அறிக்கையின் நகலை இணைத்து வருவாய்க் கோட்ட அளவிலான விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். தொகையை அனுமதிப்பவர் மாவட்ட ஆட்சியர்.

வழக்கறிஞருக்குச் செலவிட வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பின்றி அங்கே இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.