நஞ்சை என்று தட்டினால் என்ன நடக்கிறது?

கிருஷ்ணகிரியில் நான் பத்திர நகலும் மனுவும் தட்டிக் கொடுக்கும் மேசை இரண்டரை அடி அகலம்தான். கணினித் திரை, பிரிண்டர், முத்திரைத்தாள் கட்டு, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முழங்கை என எல்லாவற்றுக்கும் அதில் இடம் வேண்டும். பழைய விசைப்பலகை மட்டுமே 44 சென்டிமீட்டர் நீளம். அதனால் போன தை மாதம் கைக்கு அடக்கமான வயர்லெஸ் கீபோர்டு ஒன்றை வாங்கினேன். 28 சென்டிமீட்டர், ஒயர் இல்லை, ஒற்றைக் கையால் தூக்கி அலமாரியில் வைத்துவிடலாம்.

இரண்டாவது வாரம் சூளகிரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் பாகப்பிரிவினைப் பத்திரம் வந்தது. சொத்து விவரத்தில் ‘நஞ்சை’ என்று வர வேண்டிய இடத்தில் ‘நச்சை’ என்று விழுந்திருந்தது. நான் கவனிக்கவில்லை, அவர் கவனித்தார். “தம்பி, எங்கள் அப்பா காலத்திலிருந்து நெல் விளைகிற நிலம். அதைப் போய் நச்சு என்று எழுதிவிட்டாயே” என்றார். உடனே திருத்தி வேறு தாளில் எடுத்துக் கொடுத்தேன். ஆனால் பல வருடங்களாகக் கண்ணை மூடிக்கொண்டு தட்டிய சொல் ஏன் தவறியது என்ற கேள்வி என்னை விடவில்லை. பிழை விரலிலா, விசையிலா, காற்றிலா? ஓர் எழுத்து விரல் நுனியிலிருந்து திரைக்குப் போய்ச் சேரும் வழி முழுவதையும் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

கெட்டுப்போன பழைய பலகையின் திருகுகளைக் கழற்றித் திறந்தேன். விசைகளுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் மூன்று. மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சிட்டிருக்கிறார்கள். நடுத்தாளில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு துளை. விசையை அழுத்தினால் ரப்பர் குமிழ் அமுங்கி, மேல்தாளை அந்தத் துளை வழியே கீழ்த்தாளில் தொடவைக்கிறது. விரலை எடுத்ததும் குமிழ் நிமிர்ந்து விசையை மேலே தள்ளிவிடுகிறது. அடக்கமான கீபோர்டுகளில் பெரும்பாலும் கத்தரிக்கோலைப் போலக் குறுக்கே மடங்கும் இரண்டு பிளாஸ்டிக் கைகள் விசையைத் தாங்குகின்றன. பழையதில் 4 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிய விசை இதில் 2 மில்லிமீட்டர் இறங்கினால் போதும் என்பது அதனால்தான்.

விசைக்கு ஒரு கம்பி என்று இழுத்தால் நூறு கம்பி ஆகிவிடும். அதனால் தறியில் பாவும் ஊடையும் ஓடுவது போல நெடுக்கே 16 கோடு, குறுக்கே 8 கோடு என்று அமைக்கிறார்கள். 24 கோடுகளில் 128 சந்திப்புகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு விசையை வைக்கலாம். உள்ளே இருக்கும் சில்லு நெடுக்குக் கோடுகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மின்னழுத்தம் கொடுத்து, எந்தக் குறுக்குக் கோட்டில் அது வெளிப்படுகிறது என்று பார்க்கிறது. இந்தச் சுற்றை ஒரு நொடிக்குப் பல நூறு முறை சுற்றி வருகிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கல் தரையில் போட்ட கோலிக்குண்டு உடனே நிற்காமல் துள்ளி அடங்குவது போல, இரண்டு தொடுமுனைகள் சேரும்போது சில மில்லி விநாடிகள் தொட்டும் விட்டும் துள்ளும். சில்லு அவசரப்பட்டால் ஒரே தட்டலை இரண்டாக எண்ணிவிடும். எனவே துள்ளல் அடங்கும்வரை அது பொறுத்திருக்கிறது. விசை தேய்ந்தோ அழுக்கடைந்தோ போனால் அந்தப் பொறுமை போதாமல் எழுத்து இரட்டிக்கும். ஆங்கிலத்தில் தட்டுகிறவருக்கு இரட்டித்த எழுத்து உடனே கண்ணில் படும். நான் தட்டும் தமிழ் 99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் அப்படி இல்லை. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் மெய்க்குத் தானாகவே புள்ளி வந்துவிடும் என்பது அதன் விதி. அதனால் ‘படி’ என்று தட்டினால் ‘பட்டி’ என்று ஒழுங்கான ஒரு சொல்லே வந்து நிற்கும். ஊருக்கு ஊர் பட்டி என்று முடியும் நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் அதைப் பிழை என்று யாருக்கும் தோன்றாது. செக்குபந்தி, அதாவது சொத்தின் நான்கு எல்லை விவரம், தட்டுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பெரியவரின் பத்திரத்தில் நடந்தது இது இல்லை. நஞ்சைக்கு நான்கு தட்டல்கள்: ந, ஞ, ச, ஐ. ஞகரத்தை அடுத்துச் சகரம் வந்ததும் ஞகரத்துக்குப் புள்ளி தானாக விழும். விசை துள்ளியிருந்தால் ஞகரம் இருந்துகொண்டே சகரம் கூடியிருக்கும். இங்கே ஞகரமே காணவில்லை.

அடுத்தது காற்று. கீபோர்டுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அது அனுப்புவது எண்களை மட்டும்தான். கணினிகளுக்கான பொது உடன்பாட்டின்படி ஒவ்வொரு விசைக்கும் ஓர் எண் உண்டு. நஞ்சை என்று தட்டினால் போவது 51, 48, 47, 21. ஒவ்வொரு விசையை விட்டதும் ‘விட்டாயிற்று’ என்ற செய்தியும் தனியே போகும். 51 என்பது ந என்று முடிவு செய்வது கணினியில் இருக்கும் தமிழ் 99 மென்பொருள். கீபோர்டில் தமிழ் எழுத்து ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பது நம் கண்ணுக்கு மட்டுமே பொருட்டு.

அந்த எண்கள் 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் பறக்கின்றன. கடையின் வைஃபையும், பக்கத்துக் கடையின் வைஃபையும், பலகாரக் கடையின் மைக்ரோவேவ் அடுப்பும் அதே வீதியில்தான் நடக்கின்றன. நெரிசலைச் சமாளிக்க வானொலிச் சில்லு ஓர் இடத்தில் நிற்பதில்லை. பழைய வகைப் புளூடூத் அந்த வீதியை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 முறை வரை தடம் மாறுகிறது; எப்போதும் நெரிசலாக இருக்கும் தடங்களை ஒதுக்கிவிடுகிறது. ஒவ்வொரு செய்தியோடும் ஒரு சரிபார்ப்பு எண் போகிறது. கூட்டிப் பார்த்துச் சரியாக வந்தால் மறுமுனை ‘கிடைத்தது’ என்கிறது. பதில் வராவிட்டால் கீபோர்டு மறுபடி அனுப்பும். அதனால் காற்றில் ஓர் எண் தொலைந்து போகலாம், தாமதமாக வரலாம். ஞகரம் சகரமாக உருமாறி வருவதற்கு வழியே இல்லை. காற்றின் மீதும் குற்றம் சொல்ல முடியாது.

காற்று செய்கிற தப்பு வேறு மாதிரி இருக்கும். ஒரு நாள் எழுத்துகள் கொத்துக் கொத்தாக விடுபட்டன. பேக்ஸ்பேஸை ஒரு முறை தொட்டதற்கு ஒரு வரியே அழிந்தது. ‘விட்டாயிற்று’ என்ற செய்தி போய்ச் சேராததால் நான் இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதாகக் கணினி நினைத்திருக்கிறது. காரணம், கீபோர்டின் செய்திகளை வாங்கிக்கொள்ளக் கணினியில் செருகும் ரிசீவருக்குப் பக்கத்துத் துளையில் செருகியிருந்த வேகமான ஹார்டு டிஸ்க். யூஎஸ்பி 3.0 கருவிகள் ஓடும்போது இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மின்காந்த இரைச்சல் கசியும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012-லேயே ஆய்வறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. ஒரு நீட்டிப்பு ஒயர் வாங்கி ரிசீவரை மேசைக்கு மேலே கொண்டுவந்தேன். அன்றிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. இரும்பு மேசைக்கு அடியில், கணினிப் பெட்டியின் பின்பக்கம் ரிசீவரைச் செருகியிருப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

காற்றைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் மேசைக்கு ஆதார் எண் வருகிறது, வங்கிக் கணக்கு எண் வருகிறது, குடும்பத் தகராறு வருகிறது. 2016-இல் பாஸ்டில் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், எட்டு நிறுவனங்களின் விலை குறைந்த வயர்லெஸ் கீபோர்டுகள் தட்டும் எழுத்துகளை எந்த மறைப்பும் இல்லாமல் அனுப்புவதைக் கண்டுபிடித்தார்கள். அவற்றைத் தூரத்திலிருந்தே படித்துவிட முடியும். பிறர் ரகசியத்தைத் தட்டுகிற ஒவ்வொருவரும் பெட்டியின் மேல் குறியாக்கம் (encryption) உண்டு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். புளூடூத் இணைப்பில் அந்த மறைப்பு வழக்கமாகவே இருக்கும்.

கீபோர்டின் தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. சிறிய பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ 1,000 மில்லி ஆம்பியர்-மணி மின்சாரம் உண்டு. சில்லு இடைவிடாமல் 1 மில்லி ஆம்பியர் குடித்தால் 42 நாளில் தீர்ந்துவிடும். அதனால் கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் அது தூங்கப் போகிறது. எழுப்பும் தட்டல் சில சமயம் எண்ணிக்கையில் சேராமல் போய்விடும். ‘ஐயா’ என்று தொடங்க வேண்டிய மனு ‘யா’ என்று தொடங்குவது இதனால்தான். தட்டத் தொடங்குமுன் ஷிப்டை ஒரு முறை தொட்டுவிடுங்கள்.

இனி மிஞ்சுவது விரலும் பலகையின் அளவும். அளவுகோல் எடுத்து அளந்தேன். பழைய பலகையில் விசைக்கு விசை 19 மில்லிமீட்டர். புதியதிலும் ஆங்கில எழுத்து விசைகளுக்கு அதே 19. ஆனால் வலது ஓரத்தில் இருக்கும் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சாய்கோடு விசைகள் 13 மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருந்தன. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அவை எப்போதாவது தேவைப்படும் குறிகள். அங்கே இடத்தை மிச்சம் பிடித்தால் அவருக்கு வலிக்காது. தமிழ் 99-க்கு வேண்டியவை பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஒரு புள்ளி, ஆக 31 விசைகள். ஆங்கில எழுத்துகள் 26. மீதி ஐந்தும் அந்தக் குறிகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன: ச, ஞ, ந, ய, ழ. நஞ்சை என்ற சொல்லின் மெய்கள் மூன்றும் அங்கேதான் இருக்கின்றன.

ண, ச, ஞ மூன்றும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருக்கின்றன. பழைய பலகையில் ணகரத்திலிருந்து ஞகரத்துக்கு 38 மில்லிமீட்டர். புதியதில் 29. முதல் வாரம் விரல் பழைய தூரம் போய் ஞகரத்தைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. இரண்டாவது வாரம் நான் அதை உள்ளே இழுக்கப் பழகினேன். இழுத்தது ஏழு மில்லிமீட்டர் கூடிப்போனால் விழுவது சகரம். ச, ச என்று இரண்டு முறை விழ, தமிழ் 99 கடமை தவறாமல் புள்ளி வைத்து ‘நச்சை’ என்று ஆக்கிவிட்டது.

பர்கூரில் பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் இதே அளவுக் கீபோர்டை மடியில் வைத்து நாளெல்லாம் நிரல் எழுதுகிறான். அவனும் முதலில் அடைப்புக்குறியில் தடுமாறினான். வேறு பலகை தொடாததால் ஒரு மாதத்தில் விரல் படிந்துவிட்டது. தருமபுரியில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒலிபெயர்ப்பு முறையில், ஆங்கில எழுத்துகளை வைத்தே தமிழ் தட்டுகிறவர். அந்த ஐந்து விசைகள் அவருக்கு வேண்டியதே இல்லை. அவர் இதைவிட வசதியான பலகை கிடையாது என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை.

நான் என் கீபோர்டை நண்பருக்கே கொடுத்துவிட்டேன். இப்போது மேசையில் இருப்பது 32 சென்டிமீட்டர் நீளமுள்ள வயர்லெஸ் பலகை. எண் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, ஐந்து குறி விசைகளையும் 19 மில்லிமீட்டரிலேயே வைத்திருக்கிறார்கள். கடையில் வாங்கும்போது பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, கணினியில் செருகாமலேயே ‘நஞ்சை’, ‘புஞ்சை’, ‘வாய்க்கால்’, ‘கிழக்கு’ என்று பத்துப் பத்து முறை விரலை ஓட்டிப் பார்த்தேன். கடைக்காரர் பொறுமையாக நின்றிருந்தார்.