பெலீஸ் பயணம்: கடலை முதலில் வையுங்கள், குகையைப் பிறகு வையுங்கள்

மாயா நகரங்களின் இடிபாடுகள், சுண்ணாம்புக்கல் குகைகள், பவளத்திட்டு எல்லாவற்றையும் மத்திய அமெரிக்க நாடான பெலீஸில் ஒரே வாரத்தில் பார்த்துவிட முடியும். பயண மருத்துவ ஆலோசனைக்கு வருகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: முதலில் காடும் குகையும், கடைசி இரண்டு நாள் கடலில் ஸ்கூபா டைவிங், மறுநாள் காலை விமானம். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்கிறோம்.

ஆழத்தில் அழுத்தம் கூடக்கூட, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்தபிறகு அது வெளியேற மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் விமானம் ஏறினால், உள்ளே காற்றழுத்தம் குறைவதால் மிச்சமிருக்கும் வாயு குமிழிகளாக மாறக்கூடும். மூட்டுவலி, மரத்துப்போதல், அளவுக்கு மீறிய சோர்வு, சிறுநீர் கழிக்க முடியாமை எல்லாம் இதன் அறிகுறிகள். ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரமும் கழித்தே பறக்க வேண்டும். நாங்கள் 24 மணி நேரம் விடச் சொல்வோம். தீவிலுள்ள சான் பெட்ரோ ஊரிலிருந்து பெலீஸ் சிட்டிக்குப் பறக்கும் சிறு விமானத்துக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். அந்தத் தூரத்தைப் படகில் கடந்துவிடலாம். அறிகுறி தெரிந்தால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். படகிலேயே முழு ஆக்சிஜன் கேளுங்கள், அழுத்த அறைச் சிகிச்சைக்கு (காற்றழுத்தம் கூட்டிய அறையில் ஆக்சிஜன் தருவது) உடனே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

கிரேட் புளூ ஹோல் எல்லோருக்கும் ஏற்ற இடமல்ல. சுமார் 300 மீட்டர் அகலமும் 120 மீட்டருக்கு மேல் ஆழமும் உள்ள கடற்குழி அது. பார்க்க வேண்டிய சுண்ணாம்பு விழுதுகள் ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லையும் அதுதான். அந்த ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேற்பரப்பில் செலவாவதைப் போல ஐந்து மடங்கு காற்று செலவாகும். நைட்ரஜனால் குடிபோதை போன்ற மயக்கமும் வரும், வந்ததே பலருக்குத் தெரியாது. அடிப்படைப் பயிற்சி மட்டும் முடித்தவர்களின் எல்லை 18 மீட்டர். படகோட்டி அழைத்தாலும் அவர்கள் இறங்கக் கூடாது. 1987இல் அமைக்கப்பட்ட ஹோல் சான் கடல் காப்பகத்தில் ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக்குழாயை மாட்டிக்கொண்டு மிதந்தாலே மீன்களையும் திருக்கைகளையும் பவளத்தையும் நிறையப் பார்க்கலாம்.

கடலை முதலில் வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பவளத்தில் உரசிய சிராய்ப்பு எளிதில் ஆறாது, நுண்ணிய துகள்கள் உள்ளே தங்கிவிடும். அந்தப் புண்ணோடு குகை ஆற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் கிருமிக்கு வழி திறந்து வைத்ததாகிவிடும். கடலில் முழுக்கை உடை அணியுங்கள், பவளத்தின் மேல் நிற்காதீர்கள். உரசிவிட்டால் நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். புண் ஆறவில்லை என்றால் குகையைத் தள்ளிப்போடுங்கள்.

ஆக்டுன் துனிசில் முக்னால் குகைக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போக முடியும். வழியில் ஆற்றை மூன்று முறை கடக்க வேண்டும், குகை வாயிலில் நீந்தி உள்ளே நுழைய வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் முன்பே சொல்லி மிதவை அங்கி வாங்கிக்கொள்ள வேண்டும். மேல் அறையில் மாயா காலத்து மனித எலும்புகளும் மண்பாண்டங்களும் தரையிலேயே கிடப்பதால் காலணியைக் கழற்றிக் காலுறையோடுதான் நடக்க விடுவார்கள். காலுறை கொண்டுபோக மறக்காதீர்கள். ஒருவர் தவறவிட்ட கேமரா மண்டையோட்டை உடைத்ததால் 2012 முதல் கேமராவுக்குத் தடை. மழை வலுத்தால் ஆறு விரைவாக ஏறும். அன்று குகையை மூடினால் வாதாடாதீர்கள்.

நீரோடும் குகையைவிட, வௌவால் எச்சம் காய்ந்து தூசியாகப் பறக்கும் வறண்ட குகைதான் நுரையீரலுக்கு ஆபத்து. அந்தத் தூசியிலுள்ள ஹிஸ்டோபிளாஸ்மா என்னும் பூஞ்சையைச் சுவாசித்தால் 3 முதல் 17 நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி வரலாம். எக்ஸ்ரேயில் இது காசநோய் போலவே தோன்றக்கூடும். நம் ஊரில் காசநோய் அதிகம் என்பதால் மருத்துவரின் எண்ணம் முதலில் அங்கேதான் போகும். எந்தக் குகைக்குள் எந்தத் தேதியில் போனீர்கள் என்று நீங்களே சொல்ல வேண்டும்.

மாயா நகரமான கராகோலில் உள்ள கானா பிரமிடு சுமார் 43 மீட்டர் உயரம். ஏறுவது எளிது, இறங்கும்போதுதான் விழுகிறார்கள். பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக, கைகள் இரண்டும் காலியாக இருக்க இறங்குங்கள். காட்டில் பட்டையில் கரிய பால் வழிந்த மரத்தைத் தொடாதீர்கள். அங்குள்ள நச்சுமரம் நம் சேங்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது, பால் பட்டால் தோல் கொப்புளிக்கும்.

மலேரியா இல்லாத நாடு என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் பெலீஸுக்குச் சான்றளித்தது. டெங்கு இன்னும் இருக்கிறது, கொசு விரட்டியை விடாதீர்கள். மணல் ஈ கடித்த இடத்தில் வாரங்கள், ஏன், மாதங்கள் கழித்துக்கூட வலியில்லாத புண் வரலாம். களிம்புக்கு அது ஆறாவிட்டால் மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியாசிஸ் நோய்க்கான பரிசோதனை கேளுங்கள். தோலுக்கடியில் ஏதோ நெளிவது போலிருந்தால் ஈப்புழுவாக இருக்கலாம். பிதுக்கினால் புழு உள்ளேயே அறுந்து சீழ் பிடிக்கும், மருத்துவரிடம் காட்டி எடுத்துவிடுங்கள்.