ஏழு முறை ‘மெர்டேக்கா’

கோலாலம்பூர் செந்தூலில் கோயில் திருவிழாக்களுக்கு மைக்செட் போடும் அண்ணன் ஒருவரை எனக்குத் தெரியும். ஒருவர் மேடையேறி முதல் இரண்டு வாக்கியம் பேசியதுமே, “இவரு நிக்க வைப்பாரு” என்றோ, “இனி எல்லாரும் சாப்பாட்டு வரிசைக்குப் போயிருவாங்க” என்றோ சொல்லிவிடுவார். பெரும்பாலும் அப்படியே நடக்கும். எப்படி அண்ணே என்று கேட்டால், “பேச்ச கேக்காத தம்பி. எங்க நிறுத்துறாருன்னு பாரு” என்பார்.

அவர் சொன்னபடி பார்ப்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல பேச்சு ஒன்று இருக்கிறது. 1957 ஆகஸ்டு 31, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலைப் பிரகடனத்தை வாசித்து முடித்துவிட்டு, கையை உயர்த்தி ஏழு முறை ‘மெர்டேக்கா’ (மலாயில் ‘விடுதலை’) என்று முழங்குகிறார். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி வரும். பிரகடனத்தின் ஒரு வரியைச் சொல்லுங்கள் என்றால் நம்மில் பலர் விழிப்போம். அந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் மறக்கவில்லை.

அடுத்த முறை அந்தக் காட்சி வரும்போது, ஒரு முழக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். அதில் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். துங்குவின் குரல் கம்பி வழியே ஒலிபெருக்கிக்கு உடனே போய்விடும். ஆனால் கூட்டத்தின் பதிலுக்குக் கம்பி கிடையாது, அது காற்றில்தான் வந்தாக வேண்டும். 100 மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் மேடைக்கு வந்து சேர 0.3 நொடி ஆகும். அவர் கேட்டு, மூச்சிழுத்து, கத்துவதற்கான நேரம் தனி. அருகில் இருப்பவர் குரல் முதலில், தொலைவில் இருப்பவர் குரல் கடைசியில் என்று பதில் ஓர் அலையாகத்தான் மேடைக்கு வரும். அது அடங்குவதற்குள் அடுத்ததைச் சொன்னால் பேச்சாளரின் சொல்லே அதில் மூழ்கிப்போகும். ஏறக்குறைய 20,000 பேர் கொள்ளும் அரங்கில் அவசரப்படுகிறவர் தோற்றுப்போவார்.

அந்தச் சொல்லும் அதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. மெர்-டே-கா. மூன்றே அசை, முடிவில் ‘ஆ’. வாயை அகலத் திறந்து ஒலிக்கும் உயிர் இயல்பாகவே மற்றவற்றைவிட உரத்துக் கேட்கும். ‘இ’, ‘உ’ என்று முடியும் சொல்லை இப்படி நீட்டி முழங்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஒலிபெருக்கி வராத காலத்தில் பேச்சாளரின் பாடு இன்னும் கஷ்டம். தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் திறந்தவெளியில் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டரில் 60 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், 64 மீட்டரில் அது 24. மரத்தடிச் சலசலப்பே அதை விழுங்கிவிடும். 1739-இல் பிலடெல்பியாவில் ஜார்ஜ் வைட்ஃபீல்டு என்ற போதகர் தெருவில் பேசிக்கொண்டிருந்தபோது, பெஞ்சமின் பிராங்க்ளின் மெதுவாகப் பின்னோக்கி நடந்து, குரல் எதுவரை தெளிவாகக் கேட்கிறது என்று பார்த்தார். அந்தத் தொலைவை ஆரமாக வைத்து அரைவட்டம் போட்டு, ஆளுக்கு இரண்டு சதுர அடி என்று கணக்கிட்டால் 30,000 பேருக்கு மேல் கேட்கும் என்று வந்தது. பிரசங்கத்தைக் கேட்கப் போன இடத்திலும் கணக்குப் போடுகிற ஆள்!

மைக் வந்த பிறகு கத்த வேண்டிய தேவை போய்விட்டது. (நம் மேடைகளில் சிலருக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.)

சரி, கைதட்டலுக்கு வருவோம். நல்ல கருத்தைச் சொன்னால் மக்கள் தட்டுவார்கள் என்று நினைக்கிறோம். தனியாளாகத் தட்டி மாட்டிக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை என்பதுதான் உண்மை. எல்லாரும் ஒரே கணத்தில் தட்டுவார்கள் என்ற உறுதி வேண்டும். அதற்கு வாக்கியம் எங்கே முடியும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். ஜான் ஹெரிட்டேஜ், டேவிட் கிரேட்பாட்ச் என்ற இரு சமூகவியலாளர்கள் பிரிட்டிஷ் கட்சி மாநாடுகளின் 476 பேச்சுகளை அலசி 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கைதட்டல்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு முன்னால் ஏதாவதொரு பேச்சு உத்தி இருந்தது. “அது அன்று, இது இன்று” என்கிற எதிர்நிலை அதில் ஒன்று. மூன்றாக அடுக்குவது இன்னொன்று. இரண்டைச் சொன்னதும் மூன்றாவது எப்போது விழும் என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது, கை தயாராகிவிடுகிறது. “நிறுத்துற இடத்தப் பாரு” என்று அண்ணன் சொன்னது இதைத்தான்.

மூளைக்குள்ளும் இப்படி முன்கூட்டிப் போவது நடக்கிறது. 2010-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் சொன்ன கதையைப் பதிவு செய்து, ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்குப் போட்டார்கள். கேட்டவர்களின் மூளைச் செயல்பாடு சொன்னவருடையதைச் சில நொடி தாமதத்தில் பின்தொடர்ந்தது. சில பகுதிகளில் சொன்னவரையே முந்தியது. அப்படி அதிகம் முந்தியவர்கள் கதையை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். 2015-இல் ஜெர்மனியில் அரசியல் பேச்சுகளை வைத்தே இதுபோல ஆராய்ந்தார்கள். சப்பையான பேச்சைவிட வலுவான பேச்சைக் கேட்கும்போது கேட்பவர்களின் மூளைகள் ஒன்றோடொன்று அதிகம் ஒத்து இயங்கின. சப்பையான பேச்சின்போது அவரவர் மனம் அவரவர் வழியில் போயிருக்கும், பாவம்.

பிரின்ஸ்டன் ஆய்வில் ரஷ்ய மொழி தெரியாதவர்களுக்கு ரஷ்யக் கதை ஒன்றையும் போட்டுப் பார்த்தார்கள். அந்த ஒத்திசைவு வரவில்லை. அப்படியானால் 1943-ஐ எப்படிப் புரிந்துகொள்வது?

அந்த ஆண்டு சுபாஷ் சந்திர போஸ் மலாயாவில் ஊர் ஊராகப் பேசினார். அவர் பேசியது இந்துஸ்தானி. கூட்டத்தில் பெரும்பகுதி தமிழர்கள், அதிலும் தோட்டப்புறத்து மக்கள் நிறைய. பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே போவார். கோலாலம்பூரில் வளர்ந்த ஜானகி தேவர், போஸின் வேண்டுகோளைக் கேட்டுக் காதில் கிடந்த தங்கத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். பிறகு போஸ் அமைத்த பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார். அந்தப் படையில் சேர்ந்த தமிழ்ப் பெண்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதே இல்லை.

மொழிபெயர்ப்பு பேச்சைக் கெடுக்கும் என்பார்கள். இந்த வகை மொழிபெயர்ப்பு பேச்சைக் கூர்மையாக்கியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. முதலில் வருவது பொருள் தெரியாத குரல்: ஏற்றம், இறக்கம், கோபம், தழுதழுப்பு. ஒன்பது நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், அர்த்தமில்லாத சொற்களைப் பேசிய ஜெர்மானிய நடிகர்களின் குரலிலிருந்தே உணர்ச்சியை 66 விழுக்காடு சரியாகக் கண்டுபிடித்தார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் இவ்வளவு வராது. ஆக, போஸ் வாயை மூடுவதற்குள் அவர் என்ன மாதிரியான விஷயம் சொல்கிறார் என்று கூட்டத்துக்குப் பாதி தெரிந்திருக்கும். அப்புறம் ஒரு மௌனம். அதன்பின் தமிழ். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு விடுகதையும் விடையுமாக, இரண்டு முறை உள்ளே இறங்குகிறது.

ஆனால் இந்த உத்திகளுக்கு உண்மை, பொய் என்ற வேறுபாடு தெரியாது. திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் உண்மை போலத் தோன்றும் என்று 1977-இலேயே சோதித்துக் காட்டினார்கள். ஒலி இயைபு உள்ள பழமொழியை, அதே பொருளை இயைபில்லாமல் சொன்னதைவிட மக்கள் சரியென்று நம்பினார்கள் என்று 2000-இல் இன்னோர் ஆய்வு சொன்னது. எதுகை மோனையில் ஊறிய நாம் கொஞ்சம் கூடுதலாகவே உஷாராக இருக்க வேண்டியவர்கள்.

வரலாற்றைப் பேச்சு மட்டுமே திருப்பிவிட்டது என்றும் சொல்ல முடியாது. விடுதலை நாளைத் துங்கு 1956 பிப்ரவரி 20 அன்றே மலாக்காவில் அறிவித்துவிட்டார். அரங்கத்துக்கு வந்தவர்கள் முடிவு தெரிந்தே வந்தார்கள். ஏழு முழக்கமும் விடுதலையைக் கொண்டுவரவில்லை. விடுதலை என்றதும் காதில் என்ன கேட்க வேண்டும் என்பதை முடிவு செய்தன.

அந்தக் காதை எந்த அளவு நம்பலாம் என்பது வேறு. “கடற்கரைகளில் போரிடுவோம்” என்று சர்ச்சில் 1940 ஜூன் 4 அன்று நாடாளுமன்றத்தில் பேசியது ஒலிபரப்பாகவில்லை. அன்றிரவு வானொலியில் செய்தி வாசிப்பாளர்தான் அதன் பகுதிகளைப் படித்தார். இன்று நாம் கேட்கும் சர்ச்சில் குரல் 1949-இல் பதிவானது. ஆனாலும் போர்க்காலத்தில் அதை அவர் குரலிலேயே கேட்டதாக நினைவு வைத்திருந்தவர்கள் உண்டு. பிறகு கேட்ட குரலைப் பழைய நாளோடு மூளை சேர்த்துத் தைத்துவிடுகிறது.

மைக்செட் அண்ணனின் அப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கையிலிருக்கும் தே தாரே டீ ஆறும்வரை அந்த நாளைப் பற்றிப் பேசுவார். அரங்கத்தின் மேல்படியில் நின்றதாகச் சொல்வார். “பொய். ரெண்டு பேரும் தோட்டத்துல கிராணி வீட்டு ரேடியோவுலதான் கேட்டோம்” என்பார் அவர் தம்பி. போன மாதம் இருவரையும் உட்கார வைத்து, துங்கு எப்படிச் சொன்னார் என்று கேட்டேன். பெரியவர் எழுந்து நின்றார். கையை உயர்த்தி, ஒவ்வொரு முழக்கத்துக்குப் பிறகும் கூட்டம் பதில் சொல்லி அடங்கும்வரை அப்படியே காத்திருந்து, முகம் சிவக்கச் சொல்லிக் காட்டினார். தம்பியும் வாதத்தை மறந்து பதில் குரல் கொடுத்தார்.

நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு முறை.