கடற்படை அக்னிவீர்: அந்த 11.71 லட்சம் யார் கைக்கு வரும்?

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, இந்தியக் கடற்படைக்கு மாலுமிகள் ‘அக்னிவீர்’ என்ற பெயரில் 4 ஆண்டுப் பணிக்குத்தான் எடுக்கப்படுகிறார்கள். 4 ஆண்டு முடிந்ததும் 11.71 லட்சம் ரூபாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்கு சரிதான், ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது.

மாதச் சம்பளம் முதல் ஆண்டில் 30,000, இரண்டாம் ஆண்டில் 33,000, மூன்றாம் ஆண்டில் 36,500, நான்காம் ஆண்டில் 40,000. இதில் 30 சதவீதம், பணி முடிவில் தரப்படும் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடித்தம். ஆகவே முதல் ஆண்டில் கைக்கு வருவது 21,000, கடைசி ஆண்டில் 28,000. ஆபத்து, சீருடை, பயணப் படிகள் தனி. அகவிலைப்படி கிடையாது. வருங்கால வைப்பு நிதிப் பிடித்தமும் இல்லை.

நான்கு ஆண்டில் பிடித்தம் சுமார் 5.02 லட்சம் சேரும். அரசும் அதே அளவு போடும். ஆக 10.04 லட்சம், வட்டியோடு ஏறக்குறைய 11.71 லட்சம். இதற்கு வருமான வரி இல்லை.

இந்த முழுத் தொகை, 4 ஆண்டை முடித்துவிட்டு வெளியே வருபவருக்குத்தான். ஒன்றாகச் சேர்ந்த ஒரு தொகுதியினரில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர் நிரந்தரப் பணிக்குத் தேர்வாவார்கள். அவர்களுக்குத் தங்கள் பங்கும் அதன் வட்டியும் மட்டுமே கிடைக்கும், அரசின் பங்கு வராது. விதிவிலக்கான காரணத்துக்காக அனுமதி பெற்று இடையில் விலகுபவருக்கும் அதே கதைதான். நிரந்தரமானால் வேலையும் பணமும் சேர்ந்து வரும் என்று வீட்டில் கடன் திட்டம் போட்டு வைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

வெளியே வருபவருக்கு ஓய்வூதியம், பணிக்கொடை, முன்னாள் படைவீரர் தகுதி, கேன்டீன், மருத்துவ அட்டை எதுவும் கிடையாது. மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் கடலோரக் காவல் படையிலும் ஒதுக்கீடு உண்டு. அதுவும் தேர்வு எழுதித்தான்.

பணிக்காலம் முழுதும் 48 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு உண்டு, பிரீமியம் கட்ட வேண்டாம். பணி காரணமாக இறந்தால் கருணைத் தொகை 44 லட்சமும், மீதமுள்ள காலத்தின் முழுச் சம்பளமும் கூடுதலாகக் குடும்பத்துக்குச் சேரும். பணிக்குத் தொடர்பில்லாத இறப்பென்றால் காப்பீடும் சேவா நிதி இருப்பும் மட்டும். பணியால் ஊனமானால் 100, 75, 50 சதவீத அளவுக்கேற்ப 44, 25, 15 லட்சம்.

சேர்வதற்கு எஸ்.எஸ்.ஆர். (சீனியர் செகண்டரி ரெக்ரூட்), எம்.ஆர். (மெட்ரிக் ரெக்ரூட்) என இரண்டு வழி. எஸ்.எஸ்.ஆருக்குப் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் வேண்டும். ராடார், இயந்திரம், பீரங்கி போன்றவை இவர்கள் பக்கம். எம்.ஆருக்குப் பத்தாம் வகுப்பு போதும். சமையல், பரிமாறல், சுகாதாரம் என்று வேலை. இவற்றுக்குள் எந்த வேலைப் பிரிவு என்பதைக் கடற்படை முடிவு செய்யும். அடிப்படைப் பயிற்சி ஒடிசாவின் ஐ.என்.எஸ். சில்காவில். வயது பதினேழரை முதல் 21 வரை என்றாலும், அறிவிக்கையில் அச்சிட்ட பிறந்த தேதி வரம்பைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் விண்ணப்பம் செல்லாது. மணமாகாதவராக இருக்க வேண்டும், நான்கு ஆண்டும் அப்படியே.

எஸ்.எஸ்.ஆர். எழுத்துத் தேர்வில் 100 கேள்விகள், ஒரு மணி நேரம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வரும். கணக்கு, அறிவியல், ஆங்கிலம், பொது அறிவு ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தேற வேண்டும் என்பதால், கணக்கில் அள்ளிய மதிப்பெண் ஆங்கிலத்தைக் காப்பாற்றாது. ஆண்களுக்கு ஓட்டம் 1.6 கிலோமீட்டர், ஆறரை நிமிடத்துக்குள்; பெண்களுக்கு 8 நிமிடம்.

மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்முன் காதுக் குறும்பியை எடுத்து, பல் காறையைச் சுத்தம் செய்துகொள்ளச் சொல்லி அறிவிக்கையிலேயே இருக்கிறது. பச்சை குத்தியிருந்தால் முன்கையின் உட்பக்கத்திலும் புறங்கையிலும் மட்டுமே ஏற்பார்கள். தகுதியில்லை என்றால் 21 நாளுக்குள் ராணுவ மருத்துவமனையில் மேல்முறையீடு செய்யலாம். தகுதியில்லை என்ற சீட்டை வாங்கிய அன்றே நாளை எண்ணத் தொடங்குங்கள்.