சூடுபட்ட பாறையின் மேல் விழும் அடி

வெடிமருந்து வருவதற்கு வெகு காலம் முன்பே, பாறை முகப்பில் விறகை அடுக்கி எரித்து அதைப் பிளந்தெடுக்கும் முறையைச் சுரங்கத் தொழிலாளர்கள் அறிந்திருந்தனர். நெருப்பு கல்லை உருக்குவதில்லை; கண்ணுக்குப் புலப்படாத விரிசல்களை அதனுள் விதைக்கிறது.

கருங்கல் என்பது குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார், மைக்கா ஆகிய கனிமப் பருக்கைகள் நெருக்கமாகப் பிணைந்த கூட்டு. சூடேறும்போது ஒவ்வொரு கனிமமும் தனக்கே உரிய அளவில் விரிகிறது. குவார்ட்ஸ் பருக்கையோ தன் படிக அச்சின் வழியே விரிவதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு குறுக்குத் திசையில் விரிகிறது. விரிய இடமில்லாத பருக்கைகள் ஒன்றையொன்று ஓரிடத்தில் நெருக்கவும் மற்றோரிடத்தில் இழுக்கவும் செய்கின்றன. பாறை தாங்கும் இழுவிசை அது தாங்கும் அமுக்கத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் என்பதால், இழுபடும் இடங்களில், பெரும்பாலும் பருக்கைகளின் எல்லைகளில், நுண்விரிசல்கள் தோன்றுகின்றன.

இச்சிதைவு ஒரே சீராக வளர்வதில்லை. 200 டிகிரி செல்சியஸ் வரை வலிமை அதிகம் மாறாது. ஈரம் வெளியேறி, பழைய விரிசல்கள் விரிவினால் மூடிக்கொள்வதால் சில பாறைகளில் அது சற்றே கூடுவதும் உண்டு. இயல்பான காற்றழுத்தத்தில் 573 டிகிரியை எட்டும்போது குவார்ட்ஸின் படிக அமைப்பு ஆல்ஃபா வடிவிலிருந்து பீட்டா வடிவுக்கு மாறிக் கன அளவு சட்டென்று கூடுகிறது; அந்த வெப்பநிலையை ஒட்டி விரிசல்கள் பெருகிக் கருங்கல்லின் வலிமை வெகுவாகச் சரிகிறது. கல்லை உடைக்காமலேயே இதை அறியலாம்: விரிசல் பெருகப் பெருக அதனூடே செல்லும் ஒலியலையின் வேகம் குறையும். சூடான கல்லின் மேல் நீரை ஊற்றினால் மேற்பரப்பு மட்டும் விரைந்து சுருங்குவதால் சேதம் இன்னும் கூடும்.

அடியின் கதை வேறு; அங்கே தீர்மானிப்பது நேரம். மெதுவாக அழுத்தினால், இருப்பவற்றுள் மிக நலிந்த விரிசல் நீண்டு, பாறையைச் சில பெருந்துண்டுகளாகப் பிளக்கப் போதிய அவகாசம் கிடைக்கிறது. மோதலிலோ வெடிப்பிலோ அந்த அவகாசம் இல்லை. ஒரு விரிசல் ஓடி முடிவதற்குள் சுமை பன்மடங்கு ஏறிவிடுவதால், அதுவரை அசையாதிருந்த சிறு விரிசல்களும் ஒருசேர வளரத் தொடங்குகின்றன. எனவே அதே கல் விரைந்த அடிக்குக் கூடுதல் வலிமை காட்டுகிறது. உடையும்போது சிறு துண்டுகளாகச் சிதறுகிறது. இதை அளக்க உதவுவது, 1914-இல் பிரிட்டிஷ் பொறியாளர் பெர்ட்ரம் ஹாப்கின்சன் வகுத்த தண்டு முறை; அதில் அடியின் அலை ஒரு நீண்ட உலோகத் தண்டினூடே ஓடுகிறது. 1949-இல் இயற்பியலாளர் ஹெர்பர்ட் கோல்ஸ்கி அத்தண்டை இரண்டாகப் பிரித்து நடுவே மாதிரியை வைத்தார். தண்டுகளில் ஓடும் அலைகளிலிருந்து மாதிரி தாங்கிய விசை கணக்கிடப்படுகிறது.

சூடும் அடியும் சேரும்போது நிகழ்வதே என் பார்வையில் மிகவும் சுவையானது. நன்கு சூடுபட்ட கல்லும் விரைந்த அடிக்கு மெதுவான அழுத்தத்தைவிடக் கூடுதலாகவே தாங்குகிறது. ஆயினும் சூடுபடாத கல்லை அது எட்டுவதில்லை. தயாராகக் காத்திருக்கும் எண்ணற்ற நுண்விரிசல்களை அடி ஒரே நேரத்தில் எழுப்பிவிடுவதால், துண்டுகள் இன்னும் பொடியாகின்றன. தீப்பிடித்து அணைந்த சுரங்கப்பாதையில் இதைக் கவனிக்க வேண்டும். அருகில் வெடிக்கும் வெடியின் அமுக்க அலை பாறையின் வெளிமுகத்தை அடைந்து இழுவிசை அலையாகத் திரும்புகிறது. பாறை தாங்க முடியாத அந்த இழுவிசை, தீ மிகுதியாகச் சிதைத்த மேலடுக்கில்தான் முதலில் எழுகிறது.